மச்சான் அனுப்பிய ஆம்பியன்ட் இசைக்கு என்ன பதில் எழுதுவது?

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வீட்டுக்குள்ளேயே இருந்து இசை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு லப்டொப், ஒரு ஹெட்செட், எஃப்எல் ஸ்டூடியோ அல்லது இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் போன்ற இசை செய்யும் மென்பொருள், அவ்வளவுதான் முதல். அவர்களில் சிலர் பாட்டுப் பக்கமே போவதில்லை. பாடகர் இல்லை, தாளம் இல்லை, ஆறேழு நிமிடத்துக்கு மெதுவாக நகரும் ஓசை மட்டும். இதைத்தான் ஆம்பியன்ட் என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அது வட்ஸ்அப்பில் வந்து விழும்: ‘கேட்டுட்டுச் சொல்லு மச்சான்.’

நாங்கள் அனுப்பும் பதில் பெரும்பாலும் ‘சூப்பர் மச்சான்’ என்பதாக இருக்கும். கொஞ்சம் நேர்மையானவர்கள் ‘நித்திரை வருது’ என்பார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ‘ரஹ்மான் மாதிரி இருக்கு’ என்பது இன்னும் மோசம். அது பாராட்டிலும் சேராது, விமர்சனத்திலும் சேராது.

இந்தக் குறிப்புகள் இசை முறையாகப் படிக்காத, ஆனால் உருப்படியாக நாலு வார்த்தை சொல்ல விரும்பும் ஆட்களுக்கு. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். உங்கள் பதிலை வாசித்த கையோடு அவர் லப்டொப்பைத் திறந்து, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போய், எதையாவது மாற்றிப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு உதவாத கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆம்பியன்ட் என்ற பெயரை ஊன்றியவர் பிரிட்டிஷ் இசைக்காரர் பிரையன் ஈனோ. 1978இல் விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட தொகுப்பின் குறிப்பில் இந்த வகைக்கு ஓர் இலக்கணம் மாதிரி எழுதினார். கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் வேறு வேலை பார்த்தாலும் சரி, இரண்டுக்கும் இந்த இசை இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே ‘மெட்டு எங்கே?’, ‘பீட் எப்ப விழும்?’ என்ற கேள்விகளை ஒதுக்கி வையுங்கள். கச்சேரியில் ராக ஆலாபனை நடக்கும்போது தாளம் எங்கே என்று யாரும் கேட்பதில்லையே. சுருதிப் பெட்டியின் மேல் ஒரு சுரம் மெல்ல விரிவதைக் காத்திருந்து கேட்கும் பழக்கம் எங்கள் காதுகளுக்கு ஏற்கெனவே உண்டு. அந்தக் காதைத்தான் இங்கேயும் கொண்டுவர வேண்டும்.

ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்

சின்ன விசயம், ஆனால் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. ஒரு ஸ்பீக்கரில் போட்டு அதைப் போனில் பிடித்த வொய்ஸ் மெசேஜைக் கேட்டு விமர்சனம் எழுதாதீர்கள். ஃபைலை டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் மாறாமல் வந்து சேரும். சுருக்காத வேவ் ஃபைல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி வரும். டேட்டா கட்டுப்படியாகாது என்றால் 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும், நிமிடத்துக்கு 2.4 எம்பிதான். அதைவிட இறுக்கிச் சுருக்கினால் முதலில் அடி வாங்குவது மழையோசையும், ரிவேர்ப் என்று சேர்க்கும் எதிரொலியின் வால்பகுதியும். தண்ணீருக்குள் சலசலப்பது போல ஒரு கரகரப்பு வரும். ஆம்பியன்ட்டில் பாதி மழையும் ரிவேர்ப்பும்தான். செய்தவர் செய்யாத பிழைக்கு அவரைத் திட்டக் கூடாது அல்லவா.

எதில் கேட்பது, எப்போது கேட்பது

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். 55 ஹேர்ட்ஸில் நிற்கும் ஓர் அடிச்சுரத்தைப் போனின் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அதன் மேல் இருக்கும் துணைச் சுரங்கள் மட்டும் மெலிதாகக் கேட்கும். ‘அடி இல்லை, ஒல்லியா இருக்கு’ என்று நீங்கள் எழுதுவீர்கள். அவர் ஹெட்செட்டில் அடி அதிர அதிரக் கேட்டவர், குழம்பிப் போவார். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை. வயருள்ள சாதாரண இயர்போன் போதும். ஆனால் எதில் கேட்டீர்கள் என்பதைப் பதிலில் எழுதிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். பகலில் பிரதான வீதியோரம் இருக்கும் வீட்டில் பஸ் ஹோர்னும், கோயில் ஸ்பீக்கரும், பள்ளிவாசல் பாங்கும், பக்கத்து ரியூசன் வகுப்பின் மைக்கும் மாறி மாறி வரும்போது இந்த வகை இசையின் மெல்லிய பகுதிகள் கேட்காது. ஊர் அடங்கிய பிறகு, ஃபேனை நிற்பாட்டிவிட்டுக் கேளுங்கள். மாரி காலத்தில் அது சுகம். மற்றக் காலத்தில் வியர்த்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், வேறு வழியில்லை.

சத்தத்தின் அளவையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறையும்போது மனிதக் காது அடிச்சுரங்களைத்தான் அதிகமாகத் தவறவிடும் என்பதை 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். முதல் தரம் மெதுவாகவும் அடுத்த தரம் கூட்டியும் வைத்தால் நீங்கள் கேட்பது இரண்டு வெவ்வேறு இசை.

முதல் தரம்: பேனா வேண்டாம்

தலைப்பைக்கூடப் பார்க்காமல் ஒரு தரம் கேட்டுவிடுங்கள். ‘வாவியில் அந்தி’ என்ற தலைப்பை வாசித்துவிட்டால் மனம் தானாகவே தோணியையும் செவ்வானத்தையும் போட்டுக்கொள்ளும். இசை அதைச் செய்ததா, தலைப்பு செய்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. கேட்டு முடிந்ததும் கொப்பியில் மூன்று நாலு வரி. எங்கே கவனம் சிதறியது, எங்கே திரும்பி வந்தது, உடம்புக்கு என்ன செய்தது. போனைக் கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றிய இடம் எது என்பது மிக நேர்மையான தகவல்.

இரண்டாம் தரம்: நிமிடமும் செக்கனும்

வேலை இங்கேதான். ஆம்பியன்ட்டில் பிழைகள் பெரும்பாலும் சுரத்தில் இருக்காது, நேரத்தில் இருக்கும். ஒன்று தேவைக்கு மேல் நின்றுவிடும், இன்னொன்று வந்ததும் ஓடிவிடும், மூன்றும் ஒரே கணத்தில் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கேட்கும்போதே நேரத்தைக் குறிப்பது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 6 நிமிடம் 20 செக்கன் நீளம், பெயர் ‘மாரி இரவு’. தூறலில் தொடங்குகிறது. 0:20இல் அடியில் ஒரு ட்ரோன், அதாவது சுருதி போல நீண்டு நிற்கும் ஒரே சுரம், நுழைகிறது. 0:50இல் தூறல் பெருமழையாகித் தகரக் கூரையில் விழுகிறது. அதன் மேல் பேட் எனப்படும் மெத்தென்று நீளும் ஓசை, எட்டெட்டுச் செக்கனுக்கு ஒன்றாக நாலு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறுகிறது. 3:10இல் மணி போன்ற ஓசையில் நாலு சுர மெட்டு. அது திரும்பத் திரும்ப வந்து 6:20இல் முடிகிறது.

முதலில் மழை. கவனித்துக் கேட்டால் 1:04இல் தூரத்தில் ஒரு நாய் குரைக்கிறது. நல்லது, ஊர் மழைக்கு நாயும் வேண்டும். 1:36இல் அதே நாய். 2:08இல் மறுபடியும் அதே குரைப்பு, அதே தூரம், அதே சுருதி. மூன்றாவது முறைக்குப் பிறகு நாங்கள் மழையைக் கேட்பதை விட்டுவிட்டு நாய்க்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். இசை செய்தவர் 32 செக்கன் பதிவை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டிருக்கிறார். பேட்டின் நாலு கோர்டும் சேர்ந்தால் அதுவும் 32 செக்கன். ஆகவே மழையும் கோர்டும் கைகோத்துக்கொண்டு ஒரே இடத்தில் திரும்பி வருகின்றன. காது அந்த வட்டத்தைச் சீக்கிரம் பிடித்துவிடும். பிடித்த பிறகு மூட்டம் கலைந்துவிடும்.

இதற்கு ஈனோவிடமே மருந்து இருக்கிறது. அந்த 1978 தொகுப்பின் ஒரு பகுதியில் பாடிய சுரங்களை நாடாவில் வளையமாகச் சுற்றவிட்டார். ஒரு வளையம் ஏறத்தாழ 23½ செக்கனுக்கு ஒருமுறை வரும், இன்னொன்று ஏறத்தாழ 26, மற்றொன்று ஏறத்தாழ 30. நீளங்கள் பொருந்தாததால் அவை ஒன்றையொன்று சந்திக்கும் விதம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் உதாரணத்தில் மழைப் பதிவை 47 செக்கனாக நீட்டி, நாயை ஒரு தரம் மட்டும் விட்டாலே பாதிக் குறை தீரும்.

அடுத்தது ட்ரோன். 0:20க்கும் 0:50க்கும் இடையில் அடியில் ‘வும் வும் வும்’ என்று செக்கனுக்கு இரண்டு தரம் போல ஒரு அசைவு. வேண்டுமென்றே வைத்த அதிர்வு மாதிரித்தான் இருக்கும். ஆனால் ட்ரோன் 98 ஹேர்ட்ஸ் ஜி சுரத்தில் நிற்கிறது, தூறலைப் பதிவு செய்தது குசினிக்குள் இருந்து என்றால் சந்தேகப்பட இடமுண்டு. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஃபிரிட்ஜின் மோட்டர் அதன் இரட்டிப்பில், 100 ஹேர்ட்ஸில் முனகும். 98உம் 100உம் சேர்ந்தால் வித்தியாசம் இரண்டு, ஆகவே செக்கனுக்கு இரண்டு அசைவு. பெருமழை வந்ததும் அது மூடப்பட்டுவிடும், அதனால்தான் செய்தவருக்கே தெரிந்திருக்காது. இப்படி ஒன்றைப் பிடித்தால் சந்தோசமாக இருக்கும், ஆனால் தீர்ப்பாக எழுதாதீர்கள். கேட்டதை எழுதுங்கள், காரணத்தை ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

3:10இல் வரும் மணியோசை சரியான நேரத்தில் வருகிறது. இதையும் நேரம் போட்டே குறிக்க வேண்டும். பாராட்டுக்கும் முகவரி தேவை, இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் நல்ல இடத்தை அவர் தெரியாமல் அழித்துவிடுவார். ஆனால் அந்த நாலு சுரமும் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் விழுகின்றன. மனிதர் தட்டினால் ஒரு தட்டு மெதுவாக விழும், ஒன்று பிந்தும், ஒன்று விடுபடும். கடைசியில், 6:20இல் மணியின் எதிரொலி பாதியில் அறுந்து போகிறது. ரிவேர்ப் ஓய்வதற்கு முன் எக்ஸ்போர்ட் முடிந்துவிட்டது. இது திருத்த ஒரு நிமிட வேலை.

மூன்றாம் தரம்: இரண்டு சோதனை

முதலாவது மோனோ. போனின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஓடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். அகலமாக விரிந்து கிடந்த பேட் திடீரென்று மெலிந்து காணாமல் போனால், இடமும் வலமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். பல புளூடூத் ஸ்பீக்கர்களும் மண்டபங்களின் ஒலிபெருக்கிகளும் மோனோதான். இசை அங்கே போனால் பேட் இல்லாமல் மழை மட்டும் பெய்யும்.

இரண்டாவது, கணினி வைத்திருப்பவர்களுக்கு. ஓடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம். ஃபைலைத் திறந்து, எந்த நேரத்தில் எந்தச் சுரம் எவ்வளவு இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். அடியில் முதல் செக்கனிலிருந்து அசையாமல் ஓடும் மெல்லிய கோடு இருந்தால் அது அனேகமாக மின்சார முனகல். 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையான பகுதி முழுவதும் ஒரே நிறத்தில் அப்பிக் கிடந்தால், காதுக்குக் கலங்கலாகக் கேட்டதன் காரணம் அங்கே இருக்கலாம். ஒவ்வொரு ஓசைக்கும் தனித்தனியாக ரிவேர்ப் போடும் புதியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். படத்தைப் பார்த்துக் குறை தேடாதீர்கள். காதுக்குத் தட்டிய குறைக்குத்தான் படத்தில் காரணம் தேட வேண்டும்.

தண்ணீரும் மீனும் கடலும்

இந்த ஊரில் ஆம்பியன்ட் செய்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனிடம் போய் நிற்பார். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, சவளை (துடுப்பை) தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் அந்த ஓசையை, காரைதீவில் பிறந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகளே பாட்டில் வைத்திருக்கிறார். போட்டி பெரியது. ஆகவே தண்ணீர்ச் சத்தம் வந்ததும் மயங்கிவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வாவியை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் இசை நிற்குமா? நிற்காது என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வாவித் தண்ணீர் கொஞ்சம் அலுத்துவிட்டது. நெல் மில்லோ, பின்னேரம் தறி அடிக்கும் மருதமுனை ஒழுங்கையோ வைத்து யாராவது செய்தால் கேட்க ஆசை.

இன்னொன்று, இணையத்தில் இறக்கிய ஓசைகள். வாவிக்கரை என்று பெயர் வைத்திருப்பார்கள், பின்னணியில் ஏதோ ஐரோப்பியக் காட்டுப் பறவை கூவும். செண்பகத்தையும் மீன்கொத்தியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே தட்டும். தயங்காமல் எழுதுங்கள், இதை உங்களால்தான் பிடிக்க முடியும்.

கடலலை வேறு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நாவலடியிலோ கல்முனையிலோ இருப்பவருக்கு அடியில் உறுமி உறுமி நெருங்கி வரும் அலையோசை வெறும் அமைதிச் சத்தம் அல்ல. செய்தவர் 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம், அமைதி என்று நினைத்தே வைத்திருக்கலாம். அது அவர் பிழை என்று எழுத வேண்டாம். ‘எனக்கு இந்த இடத்தில் பயம் வந்தது, நீ நினைத்தது அதுவா?’ என்று கேட்டால் போதும்.

எழுதுவதற்கு முன் பிரித்துக்கொள்ளுங்கள்

கொப்பியில் உள்ளதை மூன்றாகப் பிரிக்கலாம். அறுந்த எதிரொலி, முனகல், லூப் இணையும் இடத்தில் ‘டிக்’ என்ற சத்தம் ஆகியவை பிழைகள், யார் கேட்டாலும் பிழைதான். தொடக்கம் நீளம், மணி அதிக தரம் வருகிறது என்பன அவருடைய தெரிவுகள், காரணத்தோடு கேள்வி கேட்கலாம். ‘எனக்கு மணிச் சத்தமே பிடிக்காது’ என்பது உங்கள் ருசி. அதை அனுப்பாமல் விடலாம், அனுப்பினால் ருசி என்று சொல்லியே அனுப்புங்கள்.

எங்கே அனுப்புகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். குடும்பக் குரூப்பில் மாமியும் சித்தப்பாவும் இதயம் போட்டிருக்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் முனகலைப் பற்றி எழுதாதீர்கள். தனியே எழுதுங்கள். வயதில் மூத்தவர் செய்ததென்றால் ‘அண்ணே’, ‘நானா’ என்று தொடங்கி, குறைகளைக் கேள்வியாகவே கேட்கலாம். நேரக்குறிப்பு இருக்கும்வரை பணிவால் தெளிவு குறையாது.

நண்பனுக்கு என்றால் இப்படி இருக்கலாம்:

‘மச்சான், மாரி இரவு கேட்டேன், வயர் இயர்போனில், இரவு. 0:50இல் தூறல் பெருமழையாக மாறும் இடம் என்னை எங்கட பழைய வீட்டு விறாந்தையில் கொண்டுபோய் இருத்திவிட்டது. அந்த இடத்தில் கை வைக்காதே. 1:04, 1:36, 2:08 மூன்றிலும் ஒரே நாய். அதுக்குப் பிறகு என் கவனம் முழுக்க நாயில்தான். மழை லூப்பை நீட்டிப் பார்க்க ஏலுமா? 0:20இலிருந்து 0:50 வரை அடியில் ஒரு வும் வும் கேட்குது. வேணுமென்று வைத்ததா? இல்லையென்றால் ஃபிரிட்ஜாக இருக்கலாம், அது என் ஊகம்தான். 3:10இல் மணி வந்த நேரம் அருமை. ஆனால் நாலு நிமிடத்துக்குப் பிறகு அடுத்த தட்டு எப்ப விழும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. 6:20இல் கடைசி எதிரொலி அறுகிறது. மோனோவில் போட்டால் பேட் பாதி காணாமல் போகுது, ஒருக்கா நீயும் பார். கேட்டு முடிய ஏதோ ஒரு தனிமை இருந்தது, சோகம் என்று சொல்ல மாட்டேன். நீ என்ன நினைத்துச் செய்தாய்?’

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். அவர் சொல்லும் நோக்கத்தையும் நீங்கள் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று அவருக்குத் தெரியும்.

திருத்திய பதிப்பு வந்தால்

பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். புதியது கொஞ்சம் சத்தமாக இருந்தாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். முதலில் நீங்கள் குறித்த இடங்களை மட்டும் கேளுங்கள், அப்புறம் முழுவதையும். புதிதாகப் பத்துக் குறை கண்டுபிடித்தால் அவற்றில் பெரிய இரண்டை மட்டும் அனுப்புங்கள். பழைய பதிப்பை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். மூன்றாம் பதிப்பு வந்தால் அதை இதுவரை கேட்காத வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் காதுக்கு அந்த மழை பழகிப் போயிருக்கும்.